சனி ஞாயிறு சவாரி – 11: குடியாத்தத்தில் இறங்கினால்

ஆம்பூருக்குப் போகிறேன் என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எனக்கும் ஒரு பார்சல் என்பார்கள். குடியாத்தத்துக்குப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். "அங்க யாரு இருக்கா? கல்யாணமா?" என்று கேட்பார்கள். பெங்களூரு ரயிலில் போகிறவர்களுக்கு அது ஜன்னலில் ஓடி மறையும் ஒரு மஞ்சள் பலகை. காரில் போகிறவர்களுக்கு அதுவும் இல்லை. நெடுஞ்சாலை பாலாற்றின் தென்கரையோடு பள்ளிகொண்டா வழியாகப் போய்விடுகிறது.

போன வாரம் ஆற்காட்டில் மக்கன் பேடாவோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரமும் பாலாற்றுச் சீமைதான், கொஞ்சம் மேற்கே. கோஷ்டியும் அதேதான்: வங்கி நண்பர், பள்ளிக்கூடத்து ஆசிரியை, அவர் கணவர், பிரியாணி என்றால் உயிரை விடுகிற மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. "நேரா ஆம்பூர், சாப்பாடு, திரும்புற வழில வேலூர் கோட்டை, முடிஞ்சுது" என்று திட்டம் போட்டவர் கடைசி ஆசாமி. ஆசிரியை ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த ஊருல சாப்பாட்டுக்கு முன்னாடி வேலை இருந்திருக்கும்ல? அதைப் பாத்துட்டுச் சாப்பிடலாம்" என்றார். அதனால் சனிக்கிழமை குடியாத்தம், ஞாயிறு ஆம்பூர் என்று ஆயிற்று.

தலை ஊர்வலம் போகும் ஊர்

காட்பாடியைத் தாண்டினால் லத்தேரி, காவனூர், அடுத்தது குடியாத்தம். நிலையம் ஊரை விட்டுத் தள்ளியிருக்கிறது; பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துத்தான் ஊருக்குள் போக வேண்டும். ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு கவுண்டன்ய மகாநதி ஓடுகிறது. ஆந்திர மலைகளில் பிறந்து, மோர்தானா வழியாக இறங்கி, பாலாற்றில் சேரும் ஆறு. வருஷத்தில் பாதி நாள் மணலும் முள்செடியுமாகக் கிடக்கும். அதை நம்பி யாரும் ஏமாந்துவிடக் கூடாது. 2021 நவம்பர் மழையில் இதே ஆறு கரை புரண்டு வந்து, கரையோர வீடுகளுக்குள் புகுந்தது.

ஆற்றங்கரையில், கோபாலபுரத்தில், கெங்கையம்மன் கோயில். வைகாசி முதல் நாள் இங்கே நடக்கும் சிரசுத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டு ஜில்லாக்களும் சித்தூர்ப் பக்கமும் திரண்டு வரும். ஜமதக்னி முனிவர் கோபத்தில் மனைவி ரேணுகாவின் தலையை வெட்டச் சொல்ல, மகன் பரசுராமன் வெட்டுகிறான். தடுக்க வந்த, தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணின் தலையும் விழுகிறது. வரம் வாங்கி உயிர்ப்பிக்கும்போது தலை மாறிவிடுகிறது: முனிபத்தினியின் தலை, சேரிப் பெண்ணின் உடல். இந்தக் கதையைப் பல ஊர்களில் சொல்வார்கள். குடியாத்தம் அதை வருஷா வருஷம் தெருவில் நடத்திக் காட்டுகிறது. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் சிரசு புறப்படும். சிலம்பமும் புலியாட்டமும் முன்னே போக, வழியெல்லாம் தேங்காய் சூறை விட, கோபாலபுரம் வந்து அந்த இன்னொருத்தியின் உடலில் பொருத்தப்படும். சனம் பார்த்துக் கும்பிட்ட பிறகு அன்றே சிரசை எடுத்து, ஊர்வலமாகத் திருப்பிக் கொண்டுபோவார்கள். ராத்திரி வாணவேடிக்கை.

நாங்கள் போனது திருவிழாக் காலம் இல்லை. கோயில் முன்னால் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாதான் கதையைச் சொன்னார். ஆசிரியை, "அந்த உடம்புக்காரிக்குத் தனியா கோயில் இல்லையாம்மா?" என்று கேட்டார். "ஒடம்பு இல்லாம தலை மட்டும் எப்டிமா நிக்கும்? ரெண்டு பேரும்தான் சாமி" என்றார் அம்மா, பூவிலிருந்து கண்ணை எடுக்காமல். சாதி பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் ஒருமுறை வைகாசியில் இங்கே வந்து நிற்கலாம்.

முதலமைச்சரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி

அரசியல் சரித்திரத்திலும் இந்த ஊருக்கு ஓர் இடம் உண்டு. 1954 ஏப்ரலில் காமராஜர் சென்னை மாகாண முதலமைச்சரானபோது அவர் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. ஶ்ரீவில்லிபுத்தூரின் மக்களவை உறுப்பினர். ஆறு மாதத்துக்குள் சட்டமன்றத்தில் இடம் பிடித்தாக வேண்டும். மேலவை வழியாகச் சுலபமாக நுழைந்திருக்கலாம். அவருக்கு முன் ராஜாஜி அப்படித்தான் வந்தார். காமராஜர் ஜனங்களிடம் போனார். விருதுநகருக்குப் பக்கத்தில் ஒரு தொகுதியைத் தேடாமல், வடாற்காட்டின் குடியாத்தத்தில் இடைத்தேர்தலில் நின்றார். எதிர்த்தவர் கம்யூனிஸ்ட் வேட்பாளர் கோதண்டராமன். ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டம் மே மாதமே கைவிடப்பட்டிருந்தது. அதனால் காங்கிரஸை மூச்சுக்கு மூச்சு எதிர்த்துக்கொண்டிருந்த பெரியாரும் அண்ணாவும் இந்த ஒரு தேர்தலில் காமராஜர் பக்கம் நின்றார்கள். அவர் ஜெயித்தார்.

வங்கி நண்பர் இதைக் கேட்டுவிட்டு, "ஏன் இந்த ஊரை எடுத்தார்?" என்றார். அதற்கு என்னிடம் ஊகம் மட்டும்தான் உண்டு. நெசவாளி, பீடி சுற்றுகிறவர், தோல் தொழிலாளி, சிறு விவசாயி, தமிழ், தெலுங்கு, உருது எல்லாம் கலந்த ஊர் இது. யார் முகத்தைப் பார்த்தும் ஒரு கூட்டம் மொத்தமாகச் சாயாது. அப்படிப்பட்ட இடத்தில் ஜெயித்தால்தான் ஜெயிப்பு.

கைலியும் களியும்

குடியாத்தம் என்றால் வியாபாரிகள் வட்டாரத்தில் லுங்கி. தறிச் சத்தத்தை வைத்தே தெருவைக் கண்டுபிடித்துவிடலாம். விசைத்தறி இடைவிடாமல் தடதடக்கும். கைத்தறி ஆள் காலுக்கும் கைக்கும் ஏற்ப நிதானமாகப் பேசும். ஒரு வீட்டின் குழித்தறியில் பெரியவர் ஒருவர் கட்டம் போட்ட கைலி ஓட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவி ராட்டையில் ஊடை நூல் சுற்றிக்கொண்டிருந்தார். பாவு போடுவது, கஞ்சி போடுவது, அச்சில் இழை பிணைப்பது எனத் தறிக்கு வருமுன்னே பாதி வேலை முடிந்திருக்கும். அதில் பெரும்பகுதி பெண்கள் கையில். கூலி தறியில் உட்காருகிறவர் பேரில்தான் எழுதப்படும்.

"நல்ல லுங்கின்னு எப்படித் தெரிஞ்சுக்கறது ஐயா?" என்று கேட்டேன்.

"கடையில புடிச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாது சார். அது கஞ்சி பேசறது. ரெண்டு தபா நனைச்சப்புறம் துணி பேசும்" என்றார். பிறகு நூல் கணக்கைச் சொன்னார்: நம்பர் ஏற ஏற இழை மெலியும். 60-ம் நம்பரை விட 80-ம் நம்பர் மெல்லியது. உடம்பில் இருப்பதே தெரியாது. நூல் விலை ஏறினால் முதலாளி முதலில் நெருக்கத்தைத்தான் குறைப்பாராம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அது தெரிந்துவிடும். 1947-ல் டெல்லி செங்கோட்டையில் பறந்த கொடி இந்த ஊர்த் தறியில் நெய்தது என்று இங்கே சொல்லாத ஆள் இல்லை. அவரும் சொன்னார். சொல்லும்போது தறியை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

தீப்பெட்டி இன்னொரு தொழில். சிவகாசி, கோவில்பட்டி, சாத்தூர் என்று தெற்கே பேசப்படும் தொழிலுக்கு வடக்கே உள்ள முக்கிய ஊர் குடியாத்தம். 2021 டிசம்பர் 1 முதல் ஒரு ரூபாய்ப் பெட்டி இரண்டு ரூபாயானது நினைவிருக்கலாம். 14 வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் விலையேற்றம் அது. பீடியும் உண்டு. திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இலை நறுக்கும் பெண்களை இங்கிருந்து பேரணாம்பட்டு வரை பார்க்கலாம்.

மத்தியானம் பிரியாணிக்காரரின் முகம் வாடிவிட்டது. ஆசிரியை எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு களிக் கடையில். கேழ்வரகுக் களி, இங்கத்திப் பேச்சில் கேவுருக் களி. தொட்டுக்கொள்ள மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு. வடாற்காட்டின் அன்றாடச் சோறு இதுதான். பாலாறு வறண்ட சீமையில் நெல்லை நம்பிப் பிழைக்க முடியாது. கேழ்வரகு குறைந்த தண்ணீரில் விளையும், தறியில் உட்கார்ந்தவனுக்குச் சாயங்காலம் வரை தாங்கும். களியை மெல்லக் கூடாது. விண்டு, குழம்பில் புரட்டி, விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கும். மருந்துக் கம்பெனிக்காரர் மென்றார். இரண்டாவது உருண்டையில் பழகிக்கொண்டு, மூன்றாவதும் கேட்டு வாங்கினார்.

வெயில் தாழ்ந்ததும் மோர்தானா அணை. மலைகளுக்கு நடுவே, 261 மில்லியன் கனஅடி பிடிக்கும் சின்ன அணை. ஆந்திரப் பக்கம் மழை பெய்தால் நிரம்பி வழியும், இல்லையென்றால் குட்டைதான். எல்லைக்கு அப்பால் கவுண்டன்ய வனவிலங்கு சரணாலயம். அங்கிருந்து யானைகள் இறங்கி வருவதுண்டு. இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது நல்லது.

ஒரே ஆடு, இரண்டு தொழில்

ஞாயிறு காலை ஆம்பூர். 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது குடியாத்தம் வேலூரோடும் ஆம்பூர் திருப்பத்தூரோடும் போய்விட்டன. அடுப்புக்கு அந்த எல்லை தெரியாது.

ஆம்பூர் பிரியாணி ஆற்காடு நவாப்புகளின் சமையற்கட்டிலிருந்து வந்தது என்பது கடைக்காரர்கள் சொல்லும் வம்சாவளி. நவாப்புக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு சோற்றோடு முடியவில்லை. 1749 ஆகஸ்ட் 3-ம் தேதி ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டார். எதிரே சந்தா சாகிப், முசாபர் ஜங், அவர்களோடு பிரெஞ்சுப் படை. தப்பித்த மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடி, ஆங்கிலேயர் துணையைத் தேடினார். நவாப் ஆண்ட கர்நாடகம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போன பாதை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது.

இனி பிரியாணி வேகும் தேக்சாவுக்கு வருவோம். அரிசி சீரகச் சம்பா. மிளகாய்த்தூள் கிடையாது, காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது. தயிர், புதினா, கொத்தமல்லி, அளவான மசாலா. அரிசியைத் தனியே முக்கால் பதம் வேகவைத்து வடித்து, கறி மசாலாவில் சேர்த்து, மூடி மேல் தணல் போட்டு தம். ஹைதராபாத் பிரியாணியின் வாசனை ஆர்ப்பாட்டம் இதில் இல்லை. கறியும் அரிசியும்தான் தெரியும். தொட்டுக்கொள்ள வெங்காயத் தயிர்ப் பச்சடியும் புளிப்பான கத்தரிக்காயும். அந்தக் கத்தரிக்காய்க்கும் உள்ளூர் ஜாதகம் உண்டு. வேலூர்ப் பக்கத்து இலவம்பாடியில் விளையும் முள்ளு கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பில் கையை வைத்தால் குத்தும், வாயில் வைத்தால் கரையும்.

"கறி இவ்ளோ நல்லா கெடைக்க என்ன காரணம் பாய்?" என்று கேட்டார் எங்கள் பிரியாணிக்காரர். கல்லாவில் இருந்தவர் கையை வெளியே நீட்டி, "ஆட்டுக்குக் கறி மட்டுமா இருக்கு?" என்றார். பதில் அதில் இருக்கிறது. கறி தேக்சாவுக்கு, தோல் தொட்டிக்கு. பாலாறு ஓரமாக ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று நீளும் ஊர்கள் தோலைப் பதப்படுத்தி வளர்ந்தவை. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிடுவார்கள். 1970-களில் பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. முழுத் தோலாக, காலணியாக மாற்றி அனுப்பச் சொன்னது. குரோமியம் உப்பு வந்தது, வேகம் வந்தது, அந்நியச் செலாவணி வந்தது. கழிவு பாலாற்றுக்கும் கிணற்றுக்கும் போனது.

கிணறு உப்பாகி, நிலம் தரிசாகி, ஜனங்கள் வழக்குப் போட்டார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் காலூன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லோரும் படிக்கும் வழக்கு. இழப்பீடு முழுதாகப் போய்ச் சேராமல், 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

பிரியாணியிலும் ஒரு வழக்கு உண்டு. 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. பட்டியலில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை. ஊரில் உழைக்கிறவர்கள் தினம் சாப்பிடுவதை விட்டுவிட்டு என்ன ஊர்த் திருவிழா என்று எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளிவைத்தார்கள். சிரசுத் திருவிழாவில் இரண்டு பெண்களையும் ஒரே சாமியாக்கத் தெரிந்த சீமையில், ஒரு பந்தியில் இரண்டு தேக்சா வைக்க முடியாமல் போனது வேடிக்கைதான்.

திரும்பும் வழியில்

வேலூர்க் கோட்டையும் 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியும் எல்லோருக்கும் தெரியும், இங்கே விரிக்கவில்லை. அதற்கு முன் விரிஞ்சிபுரத்தில் வண்டியை நிறுத்துங்கள். மதிலழகுக்குப் பேர்போன மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. அரைவட்டமாக எண்கள் வெட்டிய கல்லின் மேல் குழியில் குச்சியை வைத்தால் நிழல் விழும் எண்தான் மணி. வங்கி நண்பர் கைக்கடிகாரத்தோடு சரிபார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வைகாசி முதல் நாள் போவதானால் அறையை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கைலியைத் தறிக்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்திலோ நெய்கிற வீட்டிலோ வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்ட விலையைக் கொடுங்கள். ஆம்பூரில் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டுக்குள் உட்கார்ந்துவிடுங்கள்.

ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால் என் ஓட்டு குடியாத்தத்துக்கு. ஆம்பூர் பிரியாணி என்ற பெயர்ப்பலகை இன்று சென்னையில் தெருவுக்குத் தெரு தொங்குகிறது. குடியாத்தத்துக்குக் கிளை கிடையாது.

(சவாரி தொடரும். அடுத்த வாரம்: வள்ளிமலை)