புகைக்கு ஏற்ற வண்ணம்

உடம்புக்கு மாம்பழ மஞ்சள், நடுவே மேக்னசைட் வெள்ளையில் ஒரு பட்டை, கூரைக்கு ஏற்காட்டுக் கரும்பச்சை. இப்படி ஒரு டீசல் இன்ஜின் எங்கள் சேலத்தில், சூரமங்கலம் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. கொண்டப்பநாயக்கன்பட்டியில், என் மேசைமேல் கிடக்கும் வரைதாளில் மட்டும்தான் அது ஓடுகிறது. ரயில் ரசிகர்களில் இப்படி ஒரு வகை உண்டு. வண்டி எண்ணையும் ஷெட் பெயரையும் ஒப்பிப்பதோடு நிற்காமல், இல்லாத வண்டிக்கு இல்லாத நிறம் பூசிப் பார்ப்பவர்கள். வீட்டில் இதற்கு ‘வெட்டி வேலை’ என்று பெயர். ஆனால் உருப்படியாக ஒரு நிறத்தை முடிவு செய்ய உட்கார்ந்தால், அந்த இன்ஜின் எப்படி மூச்சு விடுகிறது, அழுக்கு எங்கே படியும், தூரத்தில் நிற்பவன் கண்ணுக்கு எது தெரியும் என்று எல்லாவற்றையும் படித்தாக வேண்டியிருக்கிறது.

வரைதாளில் இருப்பது டபிள்யூடிஎம்-2. ‘டபிள்யூ’ என்றால் அகலப்பாதை, ‘டி’ டீசல், ‘எம்’ பயணிகள் வண்டி, சரக்கு வண்டி இரண்டையும் இழுப்பது. அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்தது; 1962-இல் இங்கே வந்திறங்கியது. 1964 ஜனவரியில் வாராணசி டீசல் இன்ஜின் ஆலையின் முதல் வண்டி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1969-இல் ஆல்கோவே கடையைக் கட்டிவிட்டது. வாராணசியில் மட்டும் தொண்ணூறுகளின் இறுதிவரை செய்துகொண்டே இருந்தார்கள். மொத்தம் 2,600-க்கு மேல். ஈரோடு ஷெட், பொன்மலை ஷெட் என்று நம் பக்கத்து மேற்கு, தெற்குத் தடங்களையெல்லாம் ஒரு காலத்தில் சுமந்தது இந்தக் கூட்டம்தான். சேலம் – ஓமலூர் – தருமபுரி வழியாகப் பெங்களூரு போகும் தடத்திலும், 2013-இல் திறந்த சேலம் – நாமக்கல் – கரூர் தடத்திலும் மின்கம்பி வந்தது அண்மையில்தான். அதுவரை டீசல் ராஜ்ஜியம்.

உள்ளே இருப்பது ஆல்கோ 251 என்ற இன்ஜின். ‘வி’ வடிவில் 16 சிலிண்டர்கள், 2,600 குதிரைத்திறன். ஒரு சிலிண்டரின் விட்டம் 228.6 மில்லிமீட்டர், உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 266.7 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஒரு சிலிண்டரே ஏறத்தாழ 11 லிட்டர். நம் தெருவில் நிற்கும் சின்னக் காரின் இன்ஜின் முழுவதும் சேர்ந்தே 1.2 லிட்டர்தான். இவ்வளவு பெரிய இன்ஜின் சக்கரத்தை நேராகச் சுற்றுவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அது ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் ஆறு அச்சுகளில் உள்ள மோட்டார்களுக்குப் போகிறது. அதாவது டீசல் இன்ஜின் என்று நாம் சொல்வது, மின்நிலையத்தைத் தன் முதுகிலேயே சுமந்துகொண்டு ஓடும் மின்சார வண்டி.

இனி புகை. நின்ற இடத்திலிருந்து லோகோ பைலட் ‘நாட்ச்’ எனும் வேகப்படியை ஏற்றியதும் ஆல்கோ கரும்புகையைக் கக்கும். ரசிகர்கள் இதற்காகவே நடைமேடையின் கோடிவரை போய் நிற்பார்கள். காரணம் டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தில்தான் டர்போவின் விசிறி சுற்றுகிறது. அந்த விசிறிதான் சிலிண்டருக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிறது. நாட்ச் ஏறியவுடன், எண்ணெயின் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் அதை உடனே கூட்டிவிடும். டர்போ வேகம் பிடிக்கச் சில விநாடிகள் ஆகும். அந்த இடைவெளியில் எண்ணெய் அதிகம், காற்று குறைவு. எரியாத கரிமம் கரித்துகளாக வெளியே வருகிறது. டர்போ சுதாரித்ததும் புகை வெளுத்துவிடும். ஆக, ரசிகர்கள் கைதட்டும் அந்தக் கரும்புகை, கணக்குப்படி பார்த்தால் வீணாகப் போன எண்ணெய். மூச்சுக்கும் கேடு. இரண்டும் தெரிந்தும் எனக்கு அது பிடிக்கும். அதை மறைத்து எழுத மனமில்லை.

சத்தத்துக்கும் கணக்கு உண்டு. சும்மா நிற்கும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 400 சுற்று. எட்டாம் நாட்ச்சில் 1,000. நான்கு வீச்சு இன்ஜின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும். பதினாறையும் சேர்த்தால் நிற்கும்போது விநாடிக்கு 53 வெடிப்பு, முழு வேகத்தில் 133. தனித்தனியாக எண்ண முடியாத இந்த முழக்கத்துக்குள் மெதுவான ஒரு தாளம் கேட்கிறதே, அது எங்கிருந்து வருகிறது? 400 சுற்றில் ஒரு சிலிண்டர் விநாடிக்கு மூன்று தடவைக்குச் சற்றே மேல் வெடிக்கிறது. பதினாறும் அச்சு அசலாக ஒன்றுபோல் எரிவதில்லை. ஒன்று கொஞ்சம் ஓங்கி, இன்னொன்று கொஞ்சம் தாழ்ந்து எரிந்தால், அந்த ஏற்றத்தாழ்வு மூன்று மூன்றாக முழக்கத்தோடு கலந்து வரும்.

இப்போது வண்ணத்துக்கு வருகிறேன். கரித்துகள் முதலில் விழுவது கூரையில். அங்கே வெள்ளையோ கிரீமோ பூசினால் கொஞ்ச நாளில் நரைத்த சாம்பல் நிறமாகிவிடும். அதனால்தான் கூரைக்குக் கரும்பச்சை. கீழே பிரேக் கட்டையிலிருந்து உதிரும் இரும்புத்தூள் துருப்பிடித்துச் சக்கரம், அடிச்சட்டம் எல்லாம் செம்பழுப்பாகும். அந்த இடத்துக்குக் கறுப்பே போதும். வெள்ளைப் பட்டைக்கு மிச்சமிருப்பது நடுவில் ஒரு முழம். அதையும் ரேடியேட்டர் கம்பிவலை குறுக்கே வந்து அறுத்துவிடுகிறது. சிவப்பு வேண்டும் என்பவர்களுக்கு ஒரு சேதி: வெயில் பட்டால் சீக்கிரம் வெளுக்கும் சிவப்புகள் உண்டு, இரும்பு ஆக்சைடில் செய்த செங்காவி மட்டும் அசையாது. விலையும் குறைவு. உலகமெங்கும் சரக்குப் பெட்டிகள் அந்தக் காவியிலேயே கிடப்பதற்கு அழகுணர்ச்சி காரணமல்ல.

முகம் உட்பட உடம்புக்கு மஞ்சள் வைத்ததற்கு ஊர்ப்பாசம் பாதிக் காரணம். மீதி, கண்ணின் அமைப்பு. பகலில் நம் கண் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் ஒளியை, அதாவது மஞ்சள் கலந்த பச்சையை. இருட்டத் தொடங்கினால் அந்த உச்சம் 507 பக்கம், நீலப்பச்சையை நோக்கி நகர்கிறது. செக் அறிஞர் புர்கின்யே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கவனித்துச் சொன்ன விஷயம். பகலில் பளிச்சென்ற சிவப்பு, அந்தி மங்கலில் கறுப்பாகத் தெரிவது இதனால்தான். மஞ்சள் பூச்சு நிறமாலையின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவதால் இரண்டு வேளையும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனால் நிறத்தால் ஆகாத காரியமும் ஒன்று உண்டு. பெரிய உருவம் வரும்போது அது மெதுவாக வருவதுபோலவே தோன்றும் என்று அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஷல் லீபோவிட்ஸ் 1985-இல், லெவல் கிராசிங் விபத்துகளை ஆராய்ந்து எழுதினார். வண்டி வருகிறது என்பதை மஞ்சள் சொல்லும். எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதைச் சொல்லாது.

ரயிலின் நிறம் வெறும் அலங்காரமாக மட்டும் இருந்ததில்லை. செங்கல் நிறப் பெட்டிகள் நீலமாக மாறிய தொண்ணூறுகளில், நீலம் என்றால் காற்று பிரேக், பழைய செந்நிறம் என்றால் வெற்றிட பிரேக் என்று ஊழியர்கள் எட்ட நின்றே கண்டுகொண்டார்கள். விளம்பரமும் ஒரு காரணம்தான். அமெரிக்காவின் சான்டா ஃபே ரயிலுக்கு லீலண்ட் நிக்கர்பாக்கர் 1937-இல் போட்டுக் கொடுத்த சிவப்பு – வெள்ளி முகம், செவ்விந்தியரின் போர்த் தலையணியை நினைவூட்டுவது. அது கம்பெனியின் முத்திரையாகவே ஆயிற்று. நம் ஊர் ஷெட்டுகளும் தங்களுக்கென்று நிறம் வைத்து, பக்கவாட்டில் ஈரோட்டுக்கு ‘ஈடி’, பொன்மலைக்கு ‘ஜிஓசி’ என்று எழுதி அனுப்பின. ஒரே வார்ப்பில் வந்த வண்டிகளைப் பிரித்துக் காட்ட ஷெட்டுக்காரர்களிடம் இருந்த சுதந்திரம் அது ஒன்றுதான். தடமெல்லாம் மின்மயமாகி, இன்ஜின்களும் ஒரே சாயலுக்கு வந்தபின் அந்தச் சுதந்திரமும் சுருங்கிவிட்டது. வாராணசி ஆலை மின்சார இன்ஜினுக்கு மாறி, 2020-இல் பெயரையும் பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் என்று மாற்றிக்கொண்டது.

251-இன் சத்தத்தை மலைமேல் கேட்க நினைப்பவர்கள் ஊட்டிக்குப் போகலாம். குன்னூருக்கும் உதகைக்கும் இடையே நீலகிரி ரயிலை இழுப்பது ஒய்டிஎம்-4. மீட்டர்கேஜ் பாதைக்கென்று வந்த ஆல்கோ. அதே 251 குடும்பம், ஆனால் சிலிண்டர் ஆறே ஆறுதான், வரிசையாக. 400 சுற்றில் ஓடினால் விநாடிக்கு 20 வெடிப்பு. மனிதக் காது தொடர்ந்த ஒலியாகக் கேட்கத் தொடங்கும் எல்லையும் ஏறக்குறைய அதுவே. நடைமேடையில் நின்று கேட்டால், ‘தட தட’வென்று தனித்தனியாக விழுகிறதா, ஒரே முனகலாக இழைகிறதா என்று காது முடிவு செய்ய முடியாமல் தடுமாறுவது தெரியும்.