உறிக்கு ஒரு காய், தரைக்கு ஒரு பழம்

குன்றக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டு உத்தரத்தில் ஓர் இரும்புக் கொக்கி இருக்கிறது. அப்பத்தா அதில் கயிற்று உறி கட்டி, தை மாதத்துச் சாம்பல் பூசணிக்காய்களைக் காம்போடு வைத்திருப்பார்கள். ஆனி பிறந்தும் காய் கெடாது. தூசி தட்டுகிறேன் என்று நான் துணியை எடுத்தால், "சாம்பலைத் துடைச்சிராதே ஆத்தா, அதுதான் அதுக்குச் சட்டை" என்று தடுப்பார்கள். அந்த வெள்ளைப் பூச்சு ஒரு மெழுகு. உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகாமலும், வெளியிலிருக்கும் கிருமி உள்ளே நுழையாமலும் அது காக்கிறது. உறியில் தொங்கும் காய்க்குச் சுற்றிலும் காற்று கிடைக்கும். ஒரே பக்கம் தரையில் அழுந்தி வியர்த்து அழுகுவதும் இல்லை.

பூசணி, தர்பூசணி, முலாம்பழம், வெள்ளரிப்பழம் எல்லாம் ஒரே குடும்பம். ஆனாலும் ஒவ்வொன்றையும் வைக்கிற இடம் வேறு. இதை நான் பழத்தைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

பங்குனி உத்திரத்துக்குச் சண்முகநாதரைப் பார்க்கக் காவடியும் பாதயாத்திரையுமாகக் கூட்டம் வரும். அந்த வெயிலுக்குத் தெருவெல்லாம் தர்பூசணிக் குவியல். ஒரு வருடம் இரண்டு பெரிய பழம் வாங்கினேன். ஒன்றை முழுசாகக் குளிர்பெட்டியில் வைத்தேன். இன்னொன்றுக்கு இடமில்லாமல், உள்வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலேயே விட்டேன். ஒன்பது நாள் கழித்து இரண்டையும் அறுத்தோம். குளிர்பெட்டிப் பழத்தின் தோலில் சின்னச் சின்னக் குழிகள். சதை வெளிறி, சப்பென்று இருந்தது. தரையில் கிடந்தது செக்கச்செவேலென்று இனித்தது.

தர்பூசணி ஆப்பிரிக்காவின் வெப்ப மண்ணில் பிறந்த கொடி. முழுப்பழத்துக்கு 10 முதல் 15 டிகிரி வரை நல்லது. வீட்டுக் குளிர்பெட்டியின் 4 டிகிரியில் பல நாள் கிடந்தால் குளிரே அதற்குக் காயம். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் இதைச் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். 21 டிகிரியில் 14 நாள் வைத்த பழங்களில், சிவப்பு நிறம் தரும் லைகோபீன் பறித்தபோது இருந்ததைவிடக் கூடியிருந்தது. நம் ஊர் வெயில் அதைவிடக் கடுமை. ஆகவே வெயில் படாத, காற்றோடும் உள்ளறைத் தரையில் வைத்து ஒரு வாரத்துக்குள் அறுத்துவிடுவது என் வழக்கம். சாப்பிடும் நாள் காலையில் குளிர்பெட்டிக்கு மாற்றினால் போதும்.

தர்பூசணி பறித்தபின் இனிப்பு ஏறாது. வாங்கும்போதே அடிப்பக்கம் பாருங்கள். மண்ணில் கிடந்த இடம் வெண்ணெய் மஞ்சளாக இருந்தால் கொடியிலேயே முற்றிய பழம். வெளிர்பச்சையாக இருந்தால் அவசரப்பட்டுப் பறித்தது.

முலாம்பழத்திலும் இனிப்பு ஏறாது. ஆனால் அது பறித்த பிறகும் மணக்கும், குழையும். வாசனை வரும்வரை வெளியே வைத்து, வந்ததும் குளிர்பெட்டிக்கு மாற்றலாம். மாம்பழம், வாழைத்தாருக்குப் பக்கத்தில் மட்டும் தர்பூசணியை வைக்காதீர்கள். அவை பழுக்கும்போது விடும் எத்திலீன் வாயு பட்டால் தர்பூசணியின் சதை கூழாகிவிடும்.

வெள்ளரிப்பழத்தைச் சேமிக்கவே நினைக்க வேண்டாம். பழுத்ததும் தானே வெடிக்கும் பழம் அது. பனையோலை சுற்றிக் கட்டி விற்பது அதனால்தான். வாங்கிய அன்றே நாட்டுச்சர்க்கரை தூவிச் சாப்பிட்டுவிட வேண்டும்.

எந்தப் பழத்தையும் கழுவி அடுக்காதீர்கள். ஈரம் பூஞ்சையைக் கூப்பிடும். அறுக்கப் போகும்போது தோலைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, அப்புறம் கத்தி வையுங்கள். தோலில் இருக்கும் கிருமியைக் கத்தி சதைக்குள் இழுத்துப் போகும். முலாம்பழத்தின் வலைத்தோல் அதற்கு வசதியான மறைவிடம். 2011-இல் அமெரிக்காவில், கொலராடோ பண்ணை ஒன்றின் முலாம்பழங்களில் இருந்த லிஸ்டீரியா கிருமியால் 33 பேர் இறந்தார்கள். வெறும் பழம்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது.

அறுத்துவிட்டால் கதையே மாறுகிறது. தோல் என்ற காவல் போன பழம் நம் கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. மூடியுள்ள பாத்திரத்தில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

அப்பத்தா காலத்தில் குளிர்பெட்டி கிடையாது. உத்திரத்தன்று காவடிக்காரர்கள் வந்து முற்றத்தில் உட்கார்ந்து, கால் கழுவி, மோர் குடித்து முடிக்கும்வரை பழம் முழுசாகத் தரையில் கிடக்கும். ஆட்களை எண்ணிப் பார்த்த பிறகே அரிவாள்மணையை எடுப்பார்கள். அன்று எங்கள் வீட்டில் ஒரு துண்டும் மிஞ்சியதில்லை.