கட்டுத்தறியும் கணினியும்

மனிதன் தன் உடைமையைக் காக்கக் கண்டுபிடித்த கருவிகளுள் பூட்டு மிகப் பழமையானது. பண்டைய எகிப்தியர் மரத்தாலேயே பூட்டும் சாவியும் செய்து பயன்படுத்தினர். நம் நாட்டில் திண்டுக்கல் பூட்டின் புகழை அறியாதார் இலர். 2019ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் இப்பூட்டுகள் யாவும் ஓரிடத்தில் நிலையாக நிற்கும் கதவுக்கும் பெட்டிக்கும் உரியவை. வகுப்புக்கும் நூலகத்துக்கும் இரயிலுக்கும் நம்மோடு வந்துகொண்டே இருக்கும் ஒரு பொருளை எப்படிப் பூட்டுவது? மடிக்கணினி நம் கைக்கு வந்தபின் எழுந்த வினா இது. இதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுமை குறைந்தது, கவலை கூடியது

1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘ஆஸ்பர்ன் 1’ என்னும் கணினி விற்பனைக்கு வந்தது. கையோடு எடுத்துச் செல்லலாம் என்று விளம்பரம் செய்யப்பட்ட அதன் எடை ஏறத்தாழ 11 கிலோ. அதைத் திருட நினைப்பவன் மூச்சு வாங்கித்தான் சுமந்திருக்க வேண்டும். இன்றைய மடிக்கணினியோ பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. நான்கு நோட்டுப் புத்தகங்களோடு சேர்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டால் உள்ளே கணினி இருப்பது ஒருவருக்கும் தெரியாது. நமக்கு எது வசதியோ அதுவே திருடனுக்கும் வசதியாகிவிட்டது.

தமிழக அரசு 2011ஆம் ஆண்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் வழியாகவே எத்தனையோ குடும்பங்களில் முதல் கணினி நுழைந்தது. வேறு பல வீடுகளில் அது தவணையில் வாங்கியதாக இருக்கும். அல்லது அண்ணனோ அக்காவோ முதல் சம்பளத்தில் வாங்கித் தந்ததாக இருக்கும். அரசு கலைக் கல்லூரி மாணவர் ஒருவரின் கணினி களவு போனால் இன்னொன்று வாங்கப் பல மாதங்கள் ஆகும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாளோ அதுவரை காத்திருக்காது.

பூட்டு எதைத் தருகிறது?

பொது இடத்தில் நடக்கும் கணினித் திருட்டு பெரும்பாலும் திட்டமிட்டுச் செய்யும் கொள்ளை அன்று. தண்ணீர் குடிக்க எழுந்து செல்கிறோம். கைப்பேசி அழைப்பு வந்து வெளியே நகர்கிறோம். அந்த இரண்டு நிமிடம் போதும். தூக்குவதற்கு மூன்று நொடி, வாயிற்படியைத் தாண்ட அரை நிமிடம், அவ்வளவே.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மடிக்கணினிக்கென்று விற்கப்படும் எந்தப் பூட்டும் உடைக்க முடியாததன்று. கம்பி வெட்டும் பெரிய குறடு ஒன்றிருந்தால் சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். பின் எதற்குப் பூட்டு? நூலகத்துக்குள் குறடோடு நுழைபவர் அரிது. கருவியில்லாதவன் இழுத்துப் பார்ப்பான். மேசை ஆடும், ஓசை எழும், நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மூன்று நொடியில் முடியவேண்டிய காரியம் ஒரு நிமிடமாக நீண்டால் அவன் கையை எடுத்துவிடுவான். ஆகவே பூட்டு நமக்குத் தருவது நேரம். அந்த நேரத்தில் பார்ப்பதற்கு ஒரு கண் இருந்தால்தான் பூட்டுக்குப் பயன் உண்டு. இவ்விரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

முளை, கயிறு, முடிச்சு

மாடு கட்டுபவர் மூன்றைக் கவனிப்பார். முளை அசையக்கூடாது, கயிறு நைந்திருக்கக்கூடாது, கழுத்து முடிச்சு இளகக்கூடாது. மூன்றில் எது தளர்ந்தாலும் மாடு அவிழ்த்துக்கொண்டு போய்விடும். கணினிக்கும் இதே கணக்குத்தான்.

முதலில் முடிச்சைப் பார்ப்போம். பல மடிக்கணினிகளின் பக்கவாட்டில் சிறு செவ்வகத் துளை ஒன்று இருக்கும். அருகில் பூட்டின் படமும் பொறித்திருக்கலாம். அது எதற்கென்று அறியாமலே பலர் கணினியைப் பல ஆண்டுகள் பயன்படுத்திவிடுகின்றனர். கென்சிங்டன் என்னும் அமெரிக்க நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் பரப்பிய ஏற்பாடு அது. வழக்கமான துளை ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீளமும் 3 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. மெல்லிய கணினிகளுக்கென்று பின்னர் வந்த சிறு துளையின் அளவு 6க்கு 2.5 மில்லிமீட்டர். பூட்டின் முனை சுத்தியல் தலைபோல் இருக்கும். அதைத் துளைக்குள் நேராகச் செலுத்திச் சாவியைத் திருப்பினால் முனை மட்டும் உள்ளே குறுக்காகத் திரும்பி நின்றுவிடும். பிறகு வெளியே இழுத்தால் வராது. வலிந்து பிடுங்கினால் கணினியின் உடல் பிளக்கும். பிளந்த கணினியைச் சந்தேகமின்றி வாங்குவார் எவருமில்லை. ஒரு வகைத் துளைக்குரிய பூட்டு மற்றொன்றில் பொருந்தாது. ஆகையால் கணினியைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்தே வாங்க வேண்டும்.

துளையே இல்லாத கணினிகளும் உண்டு. அவற்றுக்குப் பசையால் ஒட்டும் உலோகத் தகடு கிடைக்கிறது. ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டியபின் ஒரு நாளாவது இழுக்காமல் விட்டால்தான் பசை இறுகும். வெப்பக் காற்று வெளியேறும் துவாரங்களின் மேலும், தனியே கழன்று வரும் மின்கலத்தின் மேலும் ஒட்டலாகாது. மின்கலத்தில் ஒட்டினால், அதை நம்மிடம் விட்டுவிட்டுக் கணினியை மட்டும் கழற்றிக்கொண்டு போவது எளிது.

அடுத்தது கயிறு. இது எஃகு இழைகளை முறுக்கி, மேலே பிளாஸ்டிக் உறையிட்ட வடம். நீளம் பெரும்பாலும் ஆறடி. சைக்கிள் பூட்டின் வடத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. வடத்தைவிடப் பூட்டின் உள்ளமைப்பே கவனத்துக்குரியது. 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘கிரிப்டோனைட்’ என்னும் புகழ்பெற்ற சைக்கிள் பூட்டுகளில் ஒரு வகையை, சாதாரணப் பந்துமுனைப் பேனாவின் குழாயைச் செருகித் திருப்பியே திறக்கலாம் என்பது வெளிப்பட்டுப் பெரும் பரபரப்பு எழுந்தது. குழாய் வடிவச் சாவி கொண்ட பூட்டு அது. நிறுவனம் அந்தப் பூட்டுகளை மாற்றித் தர வேண்டியதாயிற்று. மலிவான கணினிப் பூட்டுகளிலும் குழாய்ச் சாவி உண்டு. வாங்குபவர் விழிப்பாக இருத்தல் நலம்.

சாவிக்குப் பதில் எண் பூட்டும் கிடைக்கிறது. நான்கு இலக்கங்கள் என்றால் 10,000 சேர்க்கைகள். ஆனால் கடையிலிருந்து வந்த 0000 என்ற எண்ணையே மாற்றாமல் விடுவதும், பிறந்த ஆண்டை வைப்பதும், பூட்டியபின் ஒரு சக்கரத்தை மட்டும் நகர்த்திவிட்டுப் போவதும் அந்த 10,000த்தை மிகச் சிலவாகக் குறைத்துவிடும்.

மூன்றாவதாகிய முளையில்தான் நம்மில் பெரும்பாலோர் ஏமாறுகிறோம். வடத்தை மேசைக் காலில் சுற்றிப் பூட்டிவிட்டு நிம்மதியாக எழுந்து செல்கிறோம். மேசையின் அந்த மூலையை ஒரு சாண் தூக்கினால் வடம் கீழ்வழியே கழன்று வந்துவிடும். நாற்காலியில் கட்டினால் நாற்காலியோடு போகும். முளை என்பது எங்கும் முனை இல்லாத வளையமாக இருக்க வேண்டும்: இரு கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டம், சன்னல் கம்பி, சுவரில் பதித்த இரும்பு வளையம் ஆகியவை ஏற்றவை. கட்டியபின், ‘கருவி ஏதுமின்றி இதை நான் எப்படிக் கழற்றுவேன்?’ என்று ஒருமுறை நாமே முயன்று பார்ப்பது மிகச் சிறந்த தேர்வு.

இரயிலிலும் விடுதியிலும்

இரயில் பெட்டியில் கீழ்ப் படுக்கைக்கு அடியில் சாமான்களைக் கட்டுவதற்கென்றே கம்பி வளையங்கள் இருக்கும். அதில் சங்கிலியிட்டுப் பையைப் பூட்டுவது பழைய வழக்கம்; இன்றும் நல்ல வழக்கம். ஆனால் பையைப் பூட்டியதனால் உள்ளிருப்பதையும் பூட்டியதாகிவிடாது. பையின் ‘ஜிப்’பைப் பேனா முனையால் குத்திப் பிரித்துவிட முடியும். எனவே இரவுப் பயணத்தில் கணினியைத் துணிகளுக்கு நடுவே, பெரிய பையின் அடியில் வைத்துச் சுவர்ப் பக்கமாகத் தள்ளிக் கட்டுவது நன்று. பகலில் சன்னலோரத்தில் கணினியை விரித்து வைத்திருப்பவர், வண்டி நிலையத்தை விட்டு நகரத் தொடங்கும் வேளையில் அதன்மேல் கை வைத்துக்கொள்ளட்டும். பறிப்பவன் கீழே நிற்பான். நாம் வண்டியோடு போய்க்கொண்டிருப்போம்.

பேருந்தில் மேலே உள்ள சாமான் தட்டைவிட மடியே பாதுகாப்பானது; மடிக்கணினி என்ற பெயருக்கும் அதுவே பொருத்தம்! விடுதியில், நம் தந்தையர் காலத்து இரும்பு டிரங்குப் பெட்டிக்கு ஈடு இல்லை. கணினியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பெட்டியின் கைப்பிடியைக் கட்டிற் சட்டத்தோடு சங்கிலியால் பிணைத்துவிட்டால், அறையைத் திறந்துபோட்டு நண்பர் குளிக்கச் சென்றாலும் அஞ்ச வேண்டியதில்லை.

ஒரு வாய்ச்சொல்

இனி, பூட்டு தரும் நேரத்தைப் பயன்படுத்தும் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாமஸ் மோரியார்ட்டி என்னும் உளவியலாளர் நியூயார்க்கை அடுத்த ஜோன்ஸ் கடற்கரையில் ஒரு சோதனை செய்து, 1975இல் முடிவுகளை வெளியிட்டார். அவருடைய ஆள் ஒருவர் மணலில் விரிப்பைப் போட்டு, வானொலிப் பெட்டியைப் பாடவிட்டு அமர்வார். சற்று நேரம் கழித்துப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து செல்வார். பின்னர் ‘திருடன்’ ஒருவன் வந்து அதை எடுத்துக்கொண்டு நடப்பான். பக்கத்தில் இருப்பவர் தடுக்கிறாரா என்பதே சோதனை. சொல்லாமற் சென்றபோது 20 பேரில் 4 பேரே தடுத்தனர். “சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிச் சென்றபோதோ 20 பேரில் 19 பேர் தடுத்தனர்!

மக்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்பதன்று இங்கே கேள்வி. எடுத்துச் செல்பவன்தான் உரியவன் போலும் என்று நினைத்து வாளாவிருப்பது மனித இயல்பு. ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்தப் பொறுப்பு அவர் மேல் அமர்ந்துவிடுகிறது. “அண்ணா, ரெண்டு நிமிஷத்துல வந்திடுறேன், இதைக் கொஞ்சம் பாத்துக்குங்க” என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்வதற்குக் காசு செலவில்லை. கட்டிய கணினியும் சொல்லிவைத்த கண்ணும் சேர்ந்தால் அதுவே போதிய காவல். முன்பின் தெரியாதவரை மட்டும் நம்பிக் கட்டாமல் விட்டுச் செல்வது தகாது.

கணினியும் அதனுள் இருப்பதும்

2005ஆம் ஆண்டு மார்ச் மாதம் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், சற்று நேரம் ஆளின்றி இருந்த அலுவலகப் பகுதியிலிருந்து ஒரு மடிக்கணினி திருடு போயிற்று. அதனுள் 98,000க்கும் மேற்பட்டோரின் சொந்த விவரங்கள் இருந்தன. ஒரு கணினியின் விலையோடு இந்த இழப்பை ஒப்பிட முடியுமா? துறை அலுவலகக் கணினியில் மாணவர்களின் மதிப்பெண்ணும் முகவரியும் வைத்திருக்கும் நம் ஆசிரியப் பெருமக்களுக்கும் இச்செய்தி உரியது. கணினியைத் திறக்கக் கடவுச்சொல்லும், உள்ளிருப்பதைப் பிறர் படிக்கவியலாதபடி மறைக்குறியாக்கும் வசதியும் இருத்தல் வேண்டும். ஆய்வேட்டின் நகல் வேறோரிடத்தில் இருக்க வேண்டும். நகல் வைத்த பென் டிரைவைக் கணினிப் பையிலேயே போட்டு வைத்தால் இரண்டும் ஒன்றாகவே போகும்.

களவு போன கைப்பேசியை அதன் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொண்டு முடக்க மைய அரசின் ஏற்பாடு உண்டு. சிம் அட்டை இடம்பெறாத மடிக்கணினிகளுக்கு அந்த எண் கிடையாது. அடிப்புறத்திலோ அட்டைப் பெட்டியிலோ அச்சிட்டுள்ள வரிசை எண்ணே அதற்கு அடையாளம். இன்றே அதை ஒரு நோட்டில் எழுதி, வாங்கிய இரசீதோடு வீட்டில் வைத்துவிடுங்கள். புகார் தரும்போது காவல் நிலையத்தில் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.

2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டங்களின்படி, நிகழ்வு எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். முதல் தகவல் அறிக்கையின் படியை இலவசமாகப் பெறலாம். திருட்டுக்கு மூன்றாண்டு வரையும், இரயில், பேருந்து போன்ற வாகனத்திலிருந்து திருடினால் ஏழாண்டு வரையும் சிறைத் தண்டனை உண்டு. ஆனால் தண்டனை நம் ஆய்வேட்டைத் திருப்பித் தராது; கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதால் ஆவதென்ன?

செய்ய வேண்டியது

மாணவ நண்பர்களே! இன்று மாலையே உங்கள் கணினியின் இரு பக்கங்களையும் பாருங்கள். துளை இருக்கிறதா என்று அறிந்துகொள்ளுங்கள். வரிசை எண்ணை எழுதி வையுங்கள். ஒரு நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். நூலகத்தில் எழும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்களிடம் ஒருவர் சொன்னால் அதைத் தட்டாதீர்கள்.

கல்லூரி நிர்வாகத்தாரிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். நூலக மேசை ஒவ்வொன்றின் குறுக்குச் சட்டத்திலும் ஓர் இரும்பு வளையம் பற்றவைப்பது பட்டறைக்காரருக்கு அரை நாள் வேலை. எங்களிடம் கயிறு இருக்கிறது, முடிச்சும் இருக்கிறது. இல்லாதது முளை ஒன்றே. அதைக் கல்லூரி நாட்டித் தந்தால், படிக்க வரும் மாணவர்கள் கணினியை மடியில் இடுக்கிக் காக்காமல் மேசையில் வைத்துப் படிப்பார்கள்.