கோடையும் கொண்டலும்: திருவான்மியூரில் ஒரு மாணவர் கண்ட பருவங்கள்

கல்வியாண்டு தொடங்கும் ஜூன் மாதத்தில், தென்மாவட்டங்களிலிருந்து நம் துறையில் வந்து சேரும் மாணவருள் சிலர் கையில் குடையோடு வருவதைப் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறோம். 2015ஆம் ஆண்டு தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த மாணவர் ஒருவரும் அவ்வாறே வந்தார். குற்றாலத்தில் சாரல் தொடங்கும் காலம் அது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தியாவின் மழைக்காலம் என்று பள்ளிப் புவியியலும் அவருக்குக் கற்பித்திருந்தது. திருவான்மியூர்க் கடற்கரையருகே அறை எடுத்தால் மழையும் குளிர்காற்றும் ஒருங்கே கிட்டும் என்று கணக்கிட்டிருந்தார். இரண்டும் பொய்த்தன. முதல் வாரத்திலேயே கழுத்தெல்லாம் வேர்க்குரு.

அவர் கணக்கு பிழைத்ததற்கு விடை நம் துறைப் பாடத்திலேயே உண்டு. நான்கு திசைக் காற்றுக்கும் தமிழ் தனித்தனியே பெயரிட்டுள்ளது. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. மேல்காற்றுக்கும் வெயிற்காலத்துக்கும் கோடை என்ற ஒரே சொல் அமைந்திருப்பதும், கீழ்காற்றைக் குறிக்கும் கொண்டல் மேகத்தையும் குறிப்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கன.

ஜூன் மாதத்தில் சென்னையில் வீசுவது கோடையே. தென்மேற்குப் பருவக்காற்று, அரபிக்கடலில் முகந்த ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலேயே பொழிந்துவிடுகிறது. மலையைக் கடந்து இறங்கும் காற்று அழுத்தம் மிகுந்து சூடேறுகிறது. பின் வெயிலில் காய்ந்த சமவெளியையும் கடந்து நம்மிடம் வருகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே தென்காசிக்குக் கிட்டும் ஈரம் நமக்குக் கிட்டுவதில்லை.

கடற்கரையில் குளிர்ச்சி இல்லையா எனின், உண்டு. ஆனால் காலையில் இல்லை. நிலம் விரைவில் சூடேறும். கடல் மெல்லச் சூடேறும். நிலத்தின்மேல் காற்று வெப்பமுற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வருகிறது. ஆனால் கோடை வலுத்து வீசும் நாள்களில் அது கடற்காற்றைக் கரைக்கு வரவிடாது தடுத்து நிறுத்துகிறது. பிற்பகல் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோதான் கொண்டல் நுழையும். சில நாள்களில் வரவே வராது. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 பாகை செல்சியசு பதிவானது. நுழைந்தபின் வெப்பம் சட்டெனக் குறையினும் காற்றில் ஈரம் மிகும், வியர்வை உலராது. உப்புக்காற்றில் சைக்கிள் துருப்பிடிக்கும். புத்தக அட்டையில் பூஞ்சணம் படரும். இவற்றை யாரும் மாணவர்க்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. நாமும் சொல்லவில்லை.

வேர்க்குரு எளிய துன்பம். அடுத்த பிழைதான் பெரிது. செப்டம்பர் வரை மாலை வேளைகளில் இடியோடு சில மழைகளையே கண்ட அவர், 'சென்னையில் மழை இவ்வளவே. காலமும் முடிந்தது' என்று முடிவு செய்தார். ஆயுத பூசை விடுமுறைக்கு ஊர் சென்றவர் குடையை அங்கேயே வைத்துவிட்டு வந்தார். கடற்கரைப் புழுக்கத்தை வெறுத்து, வேளச்சேரியில் குறைந்த வாடகைக்குத் தரைத்தள அறை ஒன்றுக்கும் மாறினார்.

'மான்சூன்' என்னும் சொல், பருவம் எனப் பொருள்படும் 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது. பாய்மரக் கலங்களில் நம் கரைக்கு வந்த வணிகர்க்கு அது மழையின் பெயரன்று. கலம் செலுத்துதற்குரிய காலத்தின் பெயர். காற்றுத் திசை மாறுவதே அவர்கள் எதிர்நோக்கியது. அக்டோபர்த் திங்களின் பிற்பகுதியில் சென்னையில் நிகழ்வதும் அதுவே. கோடை ஓய்ந்து, வங்கக் கடலின்மேல் ஈரம் முகந்து வடகிழக்கிலிருந்து காற்று வரத் தொடங்குகிறது. ஆண்டுக்குச் சற்றேறக்குறைய 140 செ.மீ. பெறும் சென்னை, அதில் பாதிக்கும் மேற்பட்டதை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலேயே பெறுகிறது. நவம்பரின் பங்கு மட்டும் 35 செ.மீ.க்குக் குறையாது. பிரிந்தாரை வருத்தும் குளிர்காற்று என்றே வாடையைப் பாட்டில் படித்திருந்த அம்மாணவர், அது மழையும் கொணரும் என எண்ணவில்லை.

அவ்வாண்டு நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 100 செ.மீ.க்கு மேல் பெய்தது. டிசம்பர் 1 தொடங்கி ஒருநாள் பொழுதில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது, அடையாற்று வெள்ளம் கரை கடந்தது. பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் இடைப்பட்ட திருவான்மியூர் மணல்மேடு. அங்கும் தெருக்களில் நீர் நின்றதுண்டு, எனினும் மணல் அதை விரைந்து உறிஞ்சிக்கொள்ளும். வேளச்சேரியோ ஏரியும் பள்ளிக்கரணைச் சதுப்பும் சூழ்ந்த தாழ்நிலம். சுற்றுப்புற நீர் வந்து தேங்குமிடம். வெயிற்காலத்தில் பார்ப்பவர்க்கு இவ்வேறுபாடு புலப்படாது. மாணவர் உயிர் தப்பினார். பாடக் குறிப்பேடுகளும் பள்ளிச் சான்றிதழ்களும் சேற்றில் ஊறிப்போயின. சான்றிதழ் நகல்களுக்காக அவர் தந்தை இருமுறை சென்னைக்கு வந்து அலைந்ததை நாம் அறிவோம்.

2016 ஜூனில் அவர் திருவான்மியூருக்கே திரும்பினார், இம்முறை மாடியறை. கையில் குடை இல்லை. அக்டோபரில்தான் ஊரிலிருந்து அதை வரவழைத்தார். டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தபோது சன்னற் கண்ணாடி ஒன்று உடைந்து அறை முழுதும் நனைந்தது. ஏடுகளை முதல்நாளே தகரப்பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்.