நீல ஒளி எந்தப் பக்கம்?

சந்திரகாந்தக் கல்லை வெட்டத் தெரிந்தவர் எடுத்த எடுப்பில் சாணையைத் தொடமாட்டார். கல்லைத் தண்ணீரில் நனைத்து, ஒற்றை விளக்கின் கீழே பிடித்து, விரல் நுனியில் மெல்லத் திருப்பிக்கொண்டே இருப்பார். பால் நிறத் துண்டுக்குள் ஏதோ ஒரு கோணத்தில் நீலம் எழும். இன்னும் சற்றுத் திருப்பினால் அணைந்துவிடும். அது எழுந்த திசையைக் குறித்துக்கொள்வார். அந்தக் குறி தவறினால், பிறகு எவ்வளவு மெருகேற்றினாலும் கையில் மிஞ்சுவது வெறும் வெள்ளைக் கல்தான்.

கண்டிக் கடைகளில் இன்று காணும் நல்ல நீலக் கற்களுக்குப் பேர்போன ஊர், தெற்கே அம்பலாங்கொடைக்கு அருகிலுள்ள மீட்டியாகொடை. ஆனால் கண்டி மண்ணுக்கும் இந்தக் கல்லோடு பழைய உறவு உண்டு. தும்பறைப் பக்கத்துப் பாறைகளில் சந்திரகாந்தம் இருப்பது நூறாண்டுக்கு முன்பே கனிப்பொருள் ஆய்வாளர்களுக்குத் தெரியும். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைக்குத் தலைமை வகித்தவர், சேர் முத்து குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி. பாறைகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த அவர்தான் 1908இல் கண்டிக் கைவினைஞர்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். கல்லையும் அதைத் தொட்ட கையையும் ஒரே மனிதர் ஆராய்ந்தது நமக்குக் கிடைத்த பேறு என்றே நினைக்கிறேன்.

சந்திரகாந்தம்போலவே, வெட்டும் திசையைப் பொறுத்து வண்ணம் காட்டும் கற்களில் எரிமலைக் கண்ணாடியும் உண்டு. அப்சிடியன் என்பார்கள். மெக்சிக்கோவிலும் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலும் கிடைக்கிறது. இலங்கையில் எரிமலை இல்லை, ஆகவே அதுவும் இல்லை. கண்டியின் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. எரிமலைக் குழம்பு படிகமாக அவகாசமின்றிச் சட்டென உறைந்தால் கண்ணாடி. அது உறையும் முன்பு ஓடிய ஓட்டத்தில் நுண்ணிய கனிமத் துகள்கள் படலம் படலமாக வரிசைப்பட்டிருந்தால், அந்தக் கறுப்புக்குள் பச்சையும் ஊதாவும் பொன்னும் தெரியும். ஓரிகனின் தீ அப்சிடியனில் இந்தப் படலம் மக்னடைட்டு எனும் இரும்புக் கனிமத்தால் ஆனது. தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. படலத்துக்குச் சமாந்தரமாக வெட்டி, அதன் தலைக்கு மேலே மெல்லிய கண்ணாடியை மட்டும் விட்டு நிறுத்தவேண்டும். ஒரு தேய்ப்பு கூடினால் வண்ணம் சேறாகிச் சாணைத் தண்ணீரோடு போய்விடும்.

சந்திரகாந்தம் இதற்கு நேர் எதிரான வழியில் பிறக்கிறது. இது பெல்ட்ஸ்பார் இனம். கடும் சூட்டில் பொட்டாசியம் பெல்ட்ஸ்பாரும் சோடியம் பெல்ட்ஸ்பாரும் ஒன்றாகக் கலந்திருக்கும். மிக மெதுவாக ஆறும்போது இரண்டும் ஒத்துப்போகாமல் பிரிந்து, வெற்றிலை அடுக்கியதுபோல மாறிமாறிப் படிகின்றன. அடுக்குகள் ஒளியின் அலைநீளத்தைவிட மெலிந்திருந்தால் நீலம் அதிகமாகச் சிதறும், தடித்தால் வெண்மை. 1950இல் பெங்களூரில் சி.வி. ராமன், ஏ. ஜெயராமன், டி.கே. ஸ்ரீநிவாசன் மூவரும் இலங்கைச் சந்திரகாந்தக் கற்களையே எடுத்து ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். அந்த ஒளி மேற்பரப்பிலிருந்து தெறிப்பது அல்ல, உள்ளே பிரிந்து கிடக்கும் கூறுகளால் சிதறி வருவது என்பது அவர்கள் கண்ட முடிவு.

வெட்டுகிறவருக்கு இங்கேதான் சோதனை. பெல்ட்ஸ்பார் இரண்டு திசைகளில், ஏறக்குறையச் செங்கோணத்தில், இலகுவாகப் பிளக்கும். பிளந்த முகம் தட்டையாக, அடிப்பாகமாக வைக்க வாகாக இருக்கும். பழகாத கை அதையே அடியாக வைத்துத் தேய்க்கத் தொடங்கிவிடும். ஆனால் ஒளி அடுக்குகள் அந்த இரண்டு பிளவுகளில் எதனோடும் ஒத்துப் படுத்திருப்பதில்லை. அவற்றை அடியாகக் கொண்டால் நீலம் கல்லின் ஓரத்தில் ஒதுங்கி, மோதிரத்தில் வைத்த பிறகு கண்ணுக்கே படாது. ஆகவே குறித்த திசைக்கு ஏற்ப அடியை அறுத்து, அரக்கால் குச்சியில் ஒட்டி, மேலே பட்டையின்றி வழுவழுப்பான குமிழாகத் திரட்டுகிறார்கள். குமிழ் உயர்ந்தால் ஒளி குறுகிக் கூர்மையாகும், தாழ்ந்தால் பரந்து மங்கும். தேய்க்கும்போது அழுத்தம் கூடினாலோ சூடேறினாலோ பிளவு வழியே விரிசல் ஓடிவிடும். தண்ணீரும் பொறுமையும் கூடவே வேண்டும்.

நம் வெட்டுக்காரர்களின் கல்லில் ஒளி நடுவில் இல்லை என்று வெளிநாட்டார் குறை சொல்வதுண்டு. கை திறமையற்றது என்று அதற்குப் பொருள் கொள்வது அநியாயம். கரட் கணக்கில் விலை பேசும் சந்தையில், நீலத்தை நடுவுக்குக் கொண்டுவரக் கல்லின் கணிசமான பங்கைத் தூளாக்க யாருக்கு மனம் வரும்? எடையைக் கேட்காமல் ஒளியைக் கேட்டு வாங்குகிறவர்கள் பெருகினால், நேராக வெட்டிய கல் தானாக வரும்.

கண்டியில் வாங்கப் போகிறவர் கடையின் பல விளக்குகளை விட்டு விலகி, கதவோரம் வந்து ஒரே வெளிச்சத்தில் கல்லைச் சாய்த்துப் பார்க்கட்டும். உண்மையான கல்லில் நீலம் குமிழின்மீது நகரும், ஒரு கட்டத்தில் மறையும். எந்தப் பக்கம் திருப்பினாலும் அசையாமல் ஒரே சீராக நீலம் பூத்திருந்தால், அது ஆலையில் வார்த்த பால்கண்ணாடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சந்தேகம் தீராவிட்டால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையில் பரிசோதித்துக்கொள்ளலாம்.