மூன்றாம் கியரில் ஒரு சோதனை

எங்கள் ஊரில் உயரமாக நிற்கிற வாகனம் எல்லாமே ஜீப்தான். விளம்பரங்களில் எஸ்.யு.வி. என்று போட்டிருந்தாலும் வாப்பா ஜீப் என்றே சொல்வார். நானும் அப்படியே எழுதுகிறேன். சென்ற தவணை விடுமுறையில் எங்கள் வீட்டில் பழைய ஜீப் ஒன்று வாங்குவதைத் தவிர வேறு பேச்சு இருக்கவில்லை. அந்த மூன்று வாரத்தில் நான் கற்றுக்கொண்டது, வாகனம் வாங்க நினைக்கும் வேறு வீடுகளுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

வாப்பா புடவை வியாபாரம் செய்கிறார். உடுத்துறை, ஆழியவளைப் பக்கத்து மணல் ஒழுங்கைகளில் அவருடைய முச்சக்கரவண்டி புதைந்து நின்ற நாட்கள் பல. அதைவிடப் பெரிய காரணம் உம்மும்மா. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது புத்தளம் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். இப்போது முழங்கால் நோவால் அவரால் அநுராதபுரம், வவுனியா வழியாக பஸ்ஸில் அவ்வளவு தூரம் வர முடிவதில்லை. “கண்ணை மூடுறதுக்குள்ள சோனகத் தெருவை ஒருக்கா பார்க்கணும்” என்று தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

புதிய வாகனம் எங்களுக்கு எட்டாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் பழைய வாகனங்களின் விலையும் ஏறிவிட்டது. திறந்த பிறகும் வரி கடுமை. வட்டி கலந்த லீசிங் வாப்பாவுக்கு வேண்டாம். ஆகவே கைக்காசுதான், அதில் உம்மாவின் இரண்டு காப்புகளும் அடக்கம். (விலையை எழுத வேண்டாம் என்று வாப்பா சொல்லிவிட்டார்.)

இந்தக் காசுக்கு வரக்கூடியது பழைய சுசுக்கி விட்டாரா. 1988இல் யப்பானில் எஸ்குடோ என்ற பெயரில் அறிமுகமான வண்டி. லொறிக்கு இருப்பதுபோல் அடியில் இரும்புச் சட்டம், 1.6 லீற்றர் பெற்றோல் எஞ்சின், கையால் போடும் கியர். ஓட்டோமற்றிக் கியர்ப்பெட்டி பழுதானால் அதைத் திறக்கத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டும். கைக்கியர் அப்படியல்ல, பெரும்பாலான கராஜ்களில் அதைக் கழற்றிப் பூட்டுவார்கள்.

எங்களுடன் வந்து பார்த்தவர் வாப்பாவுக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஐயா. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின் ஏ40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டியவர். சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பிச் சூடாக்கிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். அந்தக் காலத்து எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு, அதனால்தான் அது முடிந்தது. இன்றைய எஞ்சினில் செய்தால் தட்டத் தொடங்கிவிடும். இரசாயனவியல் பாடத்தில் ஒக்டேன் எண் வந்தபோது எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

முதலில் பார்த்தது பளபளப்பான வெள்ளை வண்டி. எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஐயா பெயின்ரைப் பார்க்கவேயில்லை. பின்சீற் பட்டியைக் கடைசி வரை இழுத்தார். சுருளுக்குள் இருந்த பகுதியில் காய்ந்த சேற்றுக் கோடு. பிறகு கியர்ப்பெட்டியின் எண்ணெய் ஆணியைத் தளர்த்தி விரலை விட்டார். எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. “நானா, இது வெள்ளத்துக்கை நிண்ட சாமான்” என்றார். எண்ணெயோடு தண்ணீர் கலந்தால் அப்படித்தான் வெளுக்கும். உள்ளே பெயாரிங்குகள் மெல்லத் துருப்பிடிக்கும். விற்க வந்தவர் மழையில் நனைந்தது என்றார். மழை கியர்ப்பெட்டிக்குள் பெய்யாது.

இரண்டாவது, நிறம் மங்கிய பச்சை வண்டி. ஐயா அடியில் படுத்து, திருப்புளிப் பிடியால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனார். கடற்கரையில் ஓடிய வண்டிகளை உப்பு தின்றுவிடும். அதை மறைக்கப் புதிதாகக் கறுப்புப் பூசியிருப்பார்கள். இதில் பழைய அழுக்கே இருந்தது. தட்டிய சத்தமும் கணீரென்று வந்தது.

அடுத்தது கிளச். வழக்கமாக ஏற்றத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். எங்கள் குடாநாட்டில் ஏற்றத்துக்கு எங்கே போவது? பெயரில் மலை உள்ள கீரிமலையிலும் மலை இல்லை. அதற்கு ஐயா வேறு வழி வைத்திருந்தார். கைபிறேக்கை இழுத்து, கால்பிறேக்கையும் மிதித்துக்கொண்டு, மூன்றாம் கியரில் போட்டுக் கிளச்சை மெதுவாக விட வேண்டும். எஞ்சினோடு சுற்றும் தட்டை கிளச் பிளேற் இறுகப் பிடித்தால், சக்கரம் அசையாததால் எஞ்சின் நின்றே ஆகவேண்டும். நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தால் பிளேற் தேய்ந்து வழுக்குகிறது என்று அர்த்தம். பச்சை வண்டி உறுமிக்கொண்டேயிருந்தது. என் மனம் விழுந்துவிட்டது. ஐயா சிரித்தார். “பிள்ளை, இது நல்ல செய்தி. பிளேற் மாத்திற காசை விலையிலை குறைக்கலாம். இனிக் கியர்ப்பெட்டி என்ன சொல்லுது எண்டு கேளுங்கோ.”

நியூற்றலில் வைத்துக் கிளச்சை மிதிக்கும்போது மட்டும் இரைச்சல் வந்தால் கிளச் பெயாரிங்; பிளேற் மாற்றும்போதே அதையும் மாற்றிவிடலாம். மிதித்தால் நின்று, விட்டால் இரைச்சல் வந்தால் கியர்ப்பெட்டிக்குள்ளே பழுது. அது பெரிய செலவு. ஓடும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கிப் பார்த்தார். பல் உரசும் சத்தம் இல்லை. அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தபோது கியர் தானாகக் கழரவும் இல்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் நெம்பைத் தார் வீதியில் போட விடவில்லை. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. மணலில் அந்த வித்தியாசம் சறுக்கித் தீர்ந்துவிடும், தாரில் பல்லுகளை முறுக்கும். மணலில்தான் போட்டுப் பார்த்தோம்.

பத்திரங்களைப் பார்த்தது நான். பதிவுப் புத்தகத்திலுள்ள சேசி இலக்கத்தை வண்டியில் பொறித்திருந்ததோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். லீசிங் கடன் தீராதிருந்தால் நிதி நிறுவனத்தின் பெயரும் புத்தகத்தில் இருக்கும், இதில் இல்லை. ஆனால் புத்தகத்தில் இருந்த பெயர் விற்பவருடையது அல்ல. முன்னைய உரிமையாளர் பெயர் மாற்றாமல், கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தோடு கொடுத்திருந்தார். இதைத்தான் ஓபன் பேப்பர் என்கிறார்கள். பலரும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கைமாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அறிவிக்காவிட்டால் விபத்து நடந்தாலும் அழைப்பாணை பழைய பெயருக்கே போகும். காசு கொடுத்த நமக்கு வண்டி நம்முடையது என்று காட்ட ஆதாரம் இராது. “அவரை நேரில் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம் வாப்பா” என்றேன். வாப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்றார். அவர் கிளிநொச்சியில் இருந்தார். போய், அடையாள அட்டையைப் பார்த்து, எங்கள் முன்னால் கையொப்பம் வாங்கிய பிறகே காப்புக் காசு கைமாறியது.

கிளச் மாற்றியாகிவிட்டது. பெயர் மாற்ற விண்ணப்பம் பதினோராம் நாள் போய்விட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை வாப்பா புத்தளம் போனார். எல்லாவற்றையும் பார்த்த நாங்கள், அவ்வளவு உயரத்தில் உம்மும்மா ஏறுவாரா என்று மட்டும் பார்க்கவில்லை. முதல் தடவை இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்றினார்களாம். இப்போது பின்சீற்றுக்கு அடியில் ஒரு மர முக்காலி இருக்கிறது.