திரையில் 245 டிகிரி, போர்டில் எவ்வளவு?

மின்னணுப் பலகை உருவாகும் கதை – 9

சாலிடர் பேஸ்ட் பூசி, உதிரிகளை அமர்த்திய போர்டு ரீஃப்ளோ ஓவனின் வாசலுக்கு வந்ததை சென்ற வாரம் பார்த்தோம். மெல்லச் சூடேற்றுவது, சூட்டைச் சமப்படுத்துவது, உருக்குவது, ஆற்றுவது என்ற நான்கு கட்டங்களின் வழியாக கன்வேயர் அதைக் கொண்டுபோகும். ஒவ்வொரு ஜோனுக்கும் ஒரு எண் திரையில் ஒளிரும். சாலிடர் சரியாக உருகாமல் போர்டுகள் வெளிவரத் தொடங்கினால், கை முதலில் போவது அந்த எண்ணுக்குத்தான். ஐந்து டிகிரி கூட்டிப் பார்ப்பார்கள். கோளாறை நீடிக்க வைப்பதே இந்தப் பழக்கம்தான். திரை காட்டுவது ஓவனுக்குள் சென்சார் இருக்கும் இடத்தின் சூட்டை. உருக வேண்டியதோ போர்டின் மேலிருக்கும் உலோகம். காற்றோட்டம், போர்டின் கனம், அது உள்ளே இருக்கும் நேரம் ஆகிய மூன்றும் இடையில் நிற்கின்றன. இவற்றில் ஒன்று மாறினாலும் திரையின் எண் அப்படியே இருக்கலாம்.

கூட்டிக் குறைத்தே இத்தனை காலம் வேலை நடக்கவில்லையா என்று கேட்கலாம். நடந்தது, அப்போது தவறுக்கு இடம் இருந்தது. 63% வெள்ளீயமும் 37% ஈயமும் கலந்த பழைய சாலிடர் 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஈயத்துக்குக் கட்டுப்பாடு விதித்தபின் பரவலான வெள்ளீயம்-வெள்ளி-செம்புக் கலவை உருகுவதற்கு 217 முதல் 220 டிகிரி வேண்டும். அது நன்றாகப் பிடிக்க, இணைப்பின் சூடு சுமார் 235-ஐத் தொட வேண்டும். உதிரிகளின் தாங்குவரம்போ, அவற்றின் பருமனைப் பொறுத்து, பெரும்பாலும் 245 முதல் 260 வரைதான். கனத்த செம்புத் தளத்தின் மேலிருக்கும் பெரிய சிப் சூடேறத் தயங்கும்போது, ஓரத்துச் சின்னக் கெபாசிட்டர் வரம்பை நெருங்கியிருக்கும். எல்லா ஜோன்களையும் ஒருசேரக் கூட்டினால் சிப்பைக் காப்பாற்றக் கெபாசிட்டரைப் பலியிட நேரும்.

ஆகவே போர்டையே கேட்க வேண்டும். இணைப்புகளில் தெர்மோகப்பிள் பொருத்தி, பதிவுக் கருவியோடு போர்டை ஓவனுக்குள் ஓட்டினால் கிடைக்கும் வளைகோடு, கோளாறு எங்கே என்று கிட்டத்தட்ட விரல் நீட்டிக் காட்டும். வளைகோட்டின் மொத்த நேரம் குறைந்திருந்தால் கன்வேயர் வேகத்தைப் பாருங்கள்: 240 விநாடி எடுக்க வேண்டிய ஓட்டத்தில் வேகம் 5% கூடினால் 11 விநாடி போய்விடும். நேரம் சரியாக இருந்து, ஒரே ஜோனில் மட்டும் ஏற்றம் தளர்ந்திருந்தால், அங்கே விசிறி ஓய்ந்திருக்கலாம், அல்லது ஃப்ளக்ஸ் படிந்து காற்றுத் துளைகள் அடைபட்டிருக்கலாம். போர்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறுபட்டால் காற்றோட்டமும் புகைபோக்கியின் இழுப்பும் சந்தேகத்துக்குரியவை. தனி போர்டு சரியாக வந்து, வரிசையாக விடும்போது மட்டும் சூடு சரிந்தால், ஓவனால் சுமையை ஈடுகட்ட முடியவில்லை.

அளக்கும் தெர்மோகப்பிளே பிழைபட்டால் என்ன செய்வது? நியாயமான ஐயம். சாதாரண கே வகைக்கே 2.2 டிகிரி வரை பிழை அனுமதி உண்டு. ஒட்டிய டேப் கிளம்பிவிட்டால் அது காற்றின் சூட்டை அளக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் அதை உயர்வெப்பச் சாலிடராலோ அலுமினிய டேப்பாலோ இறுகப் பொருத்துகிறார்கள். தவிர, ஓவன் நன்றாக ஓடிய நாளில் அதே போர்டில், அதே இடங்களில் எடுத்த வளைகோட்டோடு ஒப்பிட்டால், நிலையான பிழை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும், வித்தியாசம்தான் பேசும். அதற்காகத் திரை வீண் என்று பொருளல்ல. எண்ணுக்குப் பக்கத்தில் ஹீட்டருக்குப் போகும் மின்சாரத்தின் சதவீதமும் இருந்தால், அதைக் கவனியுங்கள். அது 100-லேயே நின்றும் சூடு ஏறவில்லை என்றால் ஹீட்டரோ மின்வழியோ அறுந்திருக்கலாம்; பூஜ்யம் காட்டியும் ஏறிக்கொண்டே போனால் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

லைனை நிறுத்தி அளந்தால் உற்பத்தி குறையும் என்பதே கடைசி எதிர்வாதம். குறையும்தான். ஆனால் அளக்காமல் கூட்டிய ஐந்து டிகிரி, அடைபட்ட துளையைச் சில நாள் மறைக்கும். துளையைச் சுத்தம் செய்த அன்று, மறந்துபோன அதே ஐந்து டிகிரி உதிரிகளை எரிக்கும். செட் பாயின்டைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். தொட்டால் எழுதி வைக்க வேண்டும்.

(அடுத்த வாரம்: ஆறும் வேகத்தில் என்ன இருக்கிறது?)